உடம்பின் இரும்புக் கணக்கு

வியாபாரத்தில் கைமுதல் குறைந்துகொண்டே வந்தால் நாம் என்ன செய்வோம்? சரக்கு வரவு சுருங்கியதா, கொடுத்த கடன் திரும்பாமல் நின்றதா, அல்லது கிட்டங்கியின் பின்கதவு வழியாகச் சரக்கு போகிறதா என்று பேரேட்டைப் புரட்டிப் பார்ப்போம். காரணத்தைக் காணாமல் மேலும் மேலும் பணத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறவரை நல்ல வியாபாரி என்று யாரும் கூறமாட்டார். ஆனால், இரத்தம் குறைவாக இருக்கிறது என்று வைத்தியர் சொல்லிவிட்டால் நம்மில் பலர் செய்வது அதுதான். மருந்துக்கடையில் ஒரு புட்டி டானிக், இரண்டு பெட்டி பேரீச்சம்பழம், வாரம் ஒரு முறை ஈரல் வறுவல். அத்துடன் விஷயம் முடிந்ததாக எண்ணிவிடுகிறோம். இரத்தம் ஏன் குறைந்தது என்ற கேள்வியைக் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

சோகை என்பது யாது?

நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது செவ்வணுக்களில் உள்ள ஹெமோகுளோபின் என்னும் பொருள். நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவை நுரையீரலில் ஏற்றிக்கொண்டு, உடம்பின் ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுபோய் இறக்கும் சுமைகூலிக்காரர் அதுவே. அதைச் செய்வதற்கு இரும்பு வேண்டும். இரும்பு போதாதபோது செவ்வணுக்கள் சிறுத்து வெளிறிப்போகின்றன. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹெமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு ஏறத்தாழ 11 கிராமுக்கும் குறைந்தால் அதனைச் சோகை என்று உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்திருக்கிறது.

இதன் அடையாளங்கள் மெல்ல மெல்ல வருவதால் பலரும் வயதின் மீதோ வேலையின் மீதோ பழியைப் போட்டுவிடுகின்றனர். மாடிப்படி ஏறும்போது இரைப்பு, நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், உடல் அசதி, கீழிமையின் உட்புறம் வெளிறல், நாக்கெரிச்சல், நகம் ஒடிதல், முடி உதிர்தல் ஆகியன இதன் குறிகள். சிலருக்குப் பனிக்கட்டியைக் கடிக்கவும், பச்சரிசியை மெல்லவும், சாம்பலையும் மண்ணையும் தின்னவும் ஆசை எழும். நம் பெண்மக்களிடம் இப்பழக்கத்தைக் காணும்போது ஏசிவிட்டு விடுவது வழக்கம். அது இரும்புக் குறைவின் குறியாக இருக்கலாம் என்பதை இனியேனும் நினைவிற் கொள்ள வேண்டும்.

வரவும் செலவும்

வளர்ந்த ஒருவருடைய உடம்பில் உள்ள இரும்பு மொத்தம் 3 முதல் 4 கிராம் வரைதான். ஒரு சிறு ஆணியின் எடையே. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹெமோகுளோபினில் புழக்கத்தில் இருக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி ஈரல் முதலிய இடங்களில் கையிருப்பாக வைக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கையிருப்பை உடம்பு நடத்தும் சிக்கனத்தைப் பார்த்தால் எந்தக் கணக்கப்பிள்ளையும் வியப்பார். ஒரு செவ்வணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். ஆயுள் முடிந்த அணுக்களைப் பிரித்து, அவற்றிலுள்ள இரும்பை நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் வரை உடம்பு மீட்டுப் புதிய அணுக்களுக்குக் கொடுத்துவிடுகிறது. வெளியே வீணாவது தினம் சுமார் 1 மில்லிகிராம் மட்டுமே. மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு அதைவிடச் சற்று அதிகம். அதை ஈடுகட்ட ஆகாரத்திலிருந்து குடல் உறிஞ்சுவதும் தினம் 1 அல்லது 2 மில்லிகிராம்தான்.

இனிச் செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆகவே ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் இரத்தம் தினமும் எங்கோ கசிந்தால் இரண்டரை மில்லிகிராம் இரும்பு போய்விடும். வரவு ஒன்றோ இரண்டோ. செலவு அதைத் தாண்டிவிட்டது. ஒரு வருஷத்தில் இச்செலவு மட்டும் 900 மில்லிகிராமுக்கு மேல் ஆகிறது. நல்ல உடற்கட்டுள்ள ஆணுடைய கையிருப்பே அவ்வளவுதான் தேறும். குடலின் மேற்பகுதியிலிருந்து அந்த ஒரு தேக்கரண்டி இரத்தம் கசிந்தால், மலத்துடன் கலந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். இந்தச் சிறு கணக்கை ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருப்பது நன்று.

வரவைப் பெருக்கும் உணவு

ஆகாரத்தில் வரும் இரும்பு இருவகை. இறைச்சி, ஈரல், கோழி, மீன் ஆகியவற்றில் உள்ளது ஒரு வகை. அதில் 15 முதல் 35 சதவீதம் வரை உடம்பில் சேரும். கீரை, பருப்பு, பயறு, தானியங்களில் உள்ளது மற்றொரு வகை. அதில் சேர்வது பெரும்பாலும் 2 முதல் 20 சதவீதம் வரையே. எனினும் இரண்டாவது வகையை ஏளனம் செய்யலாகாது. அதனுடன் கொய்யா, பப்பாளி, எலுமிச்சம்பழச் சாறு போன்ற புளிப்பும் வைட்டமின் ஸி-யும் உள்ளவற்றைச் சேர்த்தால் உறிஞ்சுதல் பெருகும். சிறிதளவு இறைச்சியோ மீனோ உடன் இருந்தாலும் கீரையின் இரும்பு கூடுதலாகச் சேரும். முருங்கைக்கீரையை நெத்திலியோடு சமைத்து, பரிமாறும்போது எலுமிச்சை பிழியும் வீட்டார், தாம் அறியாமலே நல்ல வைத்தியம் செய்கிறார்கள். இரும்புச் சட்டியில் புளி சேர்த்த ஆணம் காய்ச்சினால் சட்டியிலிருந்தும் சிறிது இரும்பு இறங்கும்.

இரத்தம் நமக்கு விலக்கப்பட்டது, ஈரல் ஆகுமானது. 100 கிராம் ஈரலில் 6 முதல் 10 மில்லிகிராம் வரை இரும்பு உண்டு. ஆனால் கர்ப்பிணிகளுக்கு ஈரலை ஊட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அதில் மிகுந்துள்ள வைட்டமின் ஏ கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும்.

பேரீச்சம்பழத்தைப் பற்றியும் ஒரு சொல். அது நல்ல உணவு என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் 100 கிராம் பேரீச்சம்பழத்தில் உள்ள இரும்பு சுமார் 1 மில்லிகிராமே. அதிலும் சிறு பங்குதான் உடம்பில் சேரும். சோகை வந்தபின் அதைத் தின்று தீர்க்கலாம் என்பது பொய்யான நம்பிக்கை. நீரிழிவு உள்ளவர் அந்நம்பிக்கையில் கைநிறைய உண்டால் சர்க்கரைதான் ஏறும். பீட்ரூட்டும் அப்படியே. அதன் சிவப்பு வேறு, இரத்தத்தின் சிவப்பு வேறு.

தேத்தண்ணியின் குறுக்கீடு

நம் சாப்பாட்டுக் கடைகளில் சோற்றுத் தட்டு வரும்போதே தேத்தண்ணியும் வந்துவிடுகிறது. ஒரு கை சோறு, ஒரு மிடறு தே என்று உண்பது பினாங்கு முதல் சிங்கப்பூர் வரை நமக்குப் பழகிப்போயிற்று. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் குடலில் இரும்பைப் பற்றிக்கொண்டு, உடம்பில் சேரவொட்டாமல் தடுக்கிறது. 1975ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர்கள் சோற்று உணவுடன் தேநீர் கொடுத்துச் சோதித்து இதனை உறுதி செய்தனர். 1983ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், உணவுடன் குடித்த ஒரு கோப்பைத் தேநீர் இரும்பு உறிஞ்சுதலை 64 சதவீதமும், காப்பி 39 சதவீதமும் குறைத்ததாகக் கண்டனர்.

தேத்தண்ணியை விட்டுவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. கூறினாலும் கேட்பார் யார்? சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள் என்பதே நம் வேண்டுகோள். சாப்பாட்டுடன் வெந்நீரோ எலுமிச்சை நீரோ போதும். நோன்புக் காலத்தில் நோன்பு திறந்து உண்டவுடன் தேநீர் குடிப்பவர்களும் இதனைக் கவனிக்க வேண்டும். நாளின் முக்கிய ஆகாரம் அந்த வேளையில்தான் உட்செல்கிறது.

வயிறும் குடலும் செய்யும் வேலை

உண்ட உணவிலுள்ள இரும்பைக் கரைப்பது இரைப்பையின் அமிலம். கரைந்ததை உறிஞ்சுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. இவ்விரண்டில் எது கெட்டாலும், என்ன உண்டும் வரவு வைக்க இயலாது. நெஞ்செரிச்சலுக்கென்று அமிலத்தை அடக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குவோருக்கு இரும்புச் சேர்மானம் குறையக்கூடும். கோதுமையிலுள்ள ஒரு புரதம் ஒவ்வாமல் சிறுகுடலின் உட்சுவர் தேயும் நோயும் சிலருக்கு உண்டு. அதிலும் சோகையே முதற்குறியாக வரலாம்.

இரைப்பையில் குடியேறும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி மற்றொரு காரணம். 1982ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாட்டு வைத்தியர்களான பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் இதனைப் பிரித்தெடுத்து, வயிற்றுப் புண்ணுக்கு இதுவே பெருங்காரணம் என்று காட்டினர். அதற்காக 2005ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நடந்த ஆய்வுகளில், மலாய்க்காரரைவிட இந்திய வம்சத்தாரிடம் இக்கிருமி அதிகமாகக் காணப்பட்டிருக்கிறது. ஆகவே இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. மூச்சுச் சோதனையாலோ மலச் சோதனையாலோ கண்டுகொள்ளலாம். இரண்டு வார மருந்தில் பெரும்பாலும் ஒழிக்கலாம்.

உடம்பே கதவை மூடிவிடுவதும் உண்டு. ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற பொருள் குடலின் இரும்பு வாயிலுக்குக் காவற்காரன். உடம்பில் இரும்பு நிறைந்தபோதும், நீடித்த அழற்சி நோய் இருக்கும்போதும் அது வாயிலைச் சாத்திவிடும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இது கண்டறியப்பட்ட பின்பே, சிலருக்கு மாத்திரை ஏன் பலிப்பதில்லை என்பது விளங்கிற்று.

கசிவு எங்கே?

சோகைக்கும் குடலுக்கும் உள்ள தொடர்பை உலகம் கற்றது உழைப்பாளிகளின் உடம்பிலிருந்துதான். 1838ஆம் ஆண்டில் மிலான் நகர வைத்தியர் டுபினி, இறந்த ஒரு பெண்ணின் குடலில் கொக்கிப்புழுவைக் கண்டார். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோத்தார்டு சுரங்க ரயில்பாதை அமைத்தபோது இத்தாலியத் தொழிலாளர் பலர் வெளிறிச் சுருண்டு விழுந்தனர். அவர்கள் குடலில் இப்புழுவே இரத்தம் குடிக்கிறது என்று 1880ஆம் ஆண்டில் பெரொன்சிட்டோ என்பவர் காட்டினார். 1915 முதல் 1917 வரை ஓர் ஆராய்ச்சிக் குழு மலாயாவுக்கும் வந்து, தோட்டத் தொழிலாளரிடையே கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தது. அதுகாறும் சோம்பேறிகள் என்று ஏசப்பட்டவர்களின் உடம்பில் இரத்தம் இல்லை என்பதே உண்மை. கழிப்பிடமும் காலணியும் பரவியபின் இந்நாடுகளில் இப்புழு வெகுவாகக் குறைந்துவிட்டது.

இக்காலத்தில் நம்மவருக்குக் கசிவு உண்டாகும் இடங்கள் வேறு. முழங்கால் வலிக்கும் முதுகு வலிக்கும் மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரைகளில் பல, இரைப்பையைப் புண்ணாக்கும். இருதயத்துக்காக உண்ணும் ஆஸ்பிரினும் கசிவை உண்டாக்கக் கூடும். ஆனால் அதைத் தாமாக நிறுத்துவது பேராபத்து. கொடுத்த வைத்தியரைக் கேட்டே எதையும் செய்க.

எல்லாவற்றினும் அஞ்ச வேண்டியது பெருங்குடற் புற்றுநோய். அதிலும் வலப்பக்கத்துக் குடலில் தோன்றும் கட்டி, வலியும் தராமல், மலத்தின் போக்கையும் மாற்றாமல், மாதக்கணக்கில் துளித்துளியாகக் கசியும். வெளியே தெரிவது சோகை ஒன்றே. ஐம்பத்தைந்து வயது வியாபாரி ஒருவரை எண்ணிப் பாருங்கள். கடைப்படி ஏறினால் இரைக்கிறது. டானிக் குடிக்கிறார், சற்றுத் தெம்பு வருகிறது, குணமாயிற்று என்று இருந்துவிடுகிறார். ஊற்றிய தெம்பு கசிவை மறைத்துவிட்டது. ஓராண்டு கழித்து வயிற்றுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, தொடக்கத்தில் அறுத்து நீக்கியிருக்கக்கூடிய கட்டி வேறு உறுப்புகளுக்கும் பரவியிருக்கலாம்.

இதனால்தான் ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைவுச் சோகை வந்தால், உணவுக் குறைவு என்று முடிவு கட்டாமல், இரைப்பையையும் பெருங்குடலையும் உள்நோக்குக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று வைத்திய நிபுணர்கள் வற்புறுத்துகின்றனர். அவ்வாறு வருவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு கோளாறு அகப்படுகிறது.

மூலம் இருக்கிறது, அதனால்தான் இரத்தம் போகிறது என்று நம்மவர் சொல்லும் சமாதானம் மிகவும் பொல்லாதது. மூலம் உள்ளவருக்கும் புற்றுநோய் வரலாம். தார் போலக் கறுத்து, ஒட்டும் தன்மையும் துர்நாற்றமும் உள்ள மலம் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். குறி ஏதும் இல்லாதவரும் 50 வயதானபின் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காணும் எளிய சோதனையைச் செய்துகொள்ளுமாறு இவ்விரு நாடுகளிலும் சுகாதாரத் துறையினர் கூறுகின்றனர். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை.

வீட்டுப் பெண்மக்கள்

மாதவிலக்கில் மிகுதியாகப் போவதே இளம் பெண்களின் சோகைக்கு முதற்காரணம். எத்தனை நாள் போகிறது, எவ்வளவு போகிறது என்பதைத் தாயிடம்கூடச் சொல்லத் தயங்கும் பிள்ளைகள் உண்டு. ஒரு கர்ப்பத்துக்குத் தேவைப்படும் இரும்பு மொத்தம் சுமார் 1,000 மில்லிகிராம். அடுத்தடுத்துப் பிள்ளை பெறும் பெண்ணுக்குக் கையிருப்பு நிரம்ப அவகாசமே இல்லை. சோகையோடு பிரசவ அறைக்குள் போகிறவளுக்குச் சாதாரண இரத்தப்போக்கும் உயிருக்கு உலை வைக்கலாம். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவளின் தட்டில் இறைச்சித் துண்டு எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பது ஆண்களின் கடமை. கடையில் கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கு இது கடினமா?

சோதனையும் மாத்திரையும்

ஹெமோகுளோபின் சோதனை மட்டும் போதாது. கையிருப்பைக் காட்டுவது பெரிட்டின் என்னும் சோதனை. ஒரு லிட்டரில் 15 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் கையிருப்பு தீர்ந்தது என்று பொருள். அழற்சி நோய் உள்ளவருக்கு அது பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், வைத்தியர் அதையும் சேர்த்தே எடைபோடுவார். இந்நாடுகளில் தலசீமியா என்னும் பரம்பரைக் குறைபாடு பலருக்கு உண்டு. அதிலும் செவ்வணுக்கள் சிறுத்தே காணப்படும். ஆனால் இரும்பு குறைந்திராது. அவருக்கு இரும்பு மாத்திரையை வீணே கொடுத்துவந்தால் நன்மை இல்லை, தீமையும் வரலாம். ஆகவே சோதித்த பின்பே மாத்திரை.

மாத்திரையை வெறும் வயிற்றில், தேநீரும் பாலும் இன்றி உட்கொள்வது நல்லது. வயிற்றைப் புரட்டினால் உணவுக்குப் பின் எடுக்கலாம். நோன்பாளிகள் இரவில் படுக்குமுன் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாத்திரை எடுத்தவுடன் ஹெப்சிடின் உயர்ந்து மறுநாள் வாயிலைச் சாத்திவிடுவதால், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் மாத்திரைக்கு மாத்திரை அதிக இரும்பு சேர்கிறது என்று ஸூரிக் நகர ஆராய்ச்சியாளர்கள் 2015, 2017ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். வயிற்றுத் தொல்லையால் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இம்முறையைத் தம் வைத்தியரிடம் கேட்டுப் பார்க்கலாம். குடல் உறிஞ்சாமல் விட்ட இரும்பு பெருங்குடலுக்கு இறங்கி, மலச்சிக்கலை உண்டாக்கும். மாத்திரை உண்ணும்போது மலம் கறுப்பது இயல்பு. அது தார் போல் ஒட்டுமானால் இயல்பன்று.

ஹெமோகுளோபின் சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடாமல், மேலும் சுமார் மூன்று மாதம் தொடர்ந்து கையிருப்பை நிரப்ப வேண்டும். நான்கு வாரம் ஒழுங்காக உண்டும் ஏறவில்லையென்றால் வாயில் அடைந்திருக்கிறது, அல்லது கசிவு நிற்கவில்லை. உடனே வைத்தியரிடம் திரும்பிச் செல்க. மாத்திரைப் புட்டியைப் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று எண்ணிக் குழந்தை விழுங்கினால் உயிரே போகும்.

வியாபார அன்பர்களே! கடையை ஒருநாள் அடைத்தால் நஷ்டம் என்று சோதனையைத் தள்ளிப்போடுகிறவர்கள் நம்மிடையே அநேகர். வருஷ முடிவில் ஐந்தொகை போடுவதற்குக் கடையை அடைக்கத் தயங்காத நாம், உடம்பின் கணக்குக்கும் ஒருநாள் கொடுப்போமாக. இந்த வாரத்திலேயே நீங்களும், வீட்டாரும், கடைப் பிள்ளைகளும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். குறைவு என்று தாள் வந்தால், என்ன மருந்து என்று கேட்பதற்கு முன் எங்கே போயிற்று என்று வைத்தியரிடம் கேளுங்கள்.